நொக்ஸ் நடந்த வழி: நாவலில் மறைந்த வன்னி

நாவலொன்றிற் கூறப்பட்ட பயணத்தை நிலத்தின் மீது தேடிச் செல்லுதல் மேனாட்டு இலக்கிய ஆய்வாளரிடையே வேரூன்றிய ஒரு வழக்கமாகும். ஜேம்ஸ் ஜொய்சின் 'யூலிசிஸ்' (1922) கூறும் ஒரு நாளின் நடையை டப்ளின் நகரத் தெருக்களிற் பின்பற்றிச் செல்வோர் ஆண்டுதோறும் உளர். கற்பனையும் நிலமும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதை அறிவதற்கு இத்தகைய பயணம் துணைபுரிகின்றது. நாவலாசிரியன் எதனைக் கண்டான் என்பதோடு, எதனைக் காணாது விட்டான் என்பதும் அப்போது புலனாகின்றது. வன்னிப் பெருநிலத்தின் தென்மேற்கு எல்லையை ஊடறுத்துச் செல்லும் இத்தகைய வழியொன்று உண்டு. ஆங்கில நாவல் இலக்கியத்தின் தொடக்க காலத்தோடு தொடர்புடைய அவ்வழியைப் பற்றி நம்மிடையே போதிய சிந்தனை இதுவரை எழவில்லை. அதனை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவலும் அதன் மூலமும்

டானியல் டீபோ 1719ஆம் ஆண்டில் 'ரொபின்சன் குரூசோ'வை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் 'கப்டன் சிங்கிள்ரன்' என்ற நாவல் வெளிவந்தது. கடற்கொள்ளைக்காரனான சிங்கிள்ரனின் கப்பல் இலங்கைக் கரையிற் சிக்குண்ட செய்தியைக் கூறுமிடத்து, டீபோ கதையோட்டத்தைச் சற்றே நிறுத்தி, றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் சிறைவாழ்வையும் தப்பியோட்டத்தையும் சுருக்கிக் கூறுகின்றார். கற்பனைக் கதையின் நடுவே உண்மை மனிதன் ஒருவனின் பயணம் இடம்பெற்றமை இவ்வாறேயாகும். தனித்தீவில் வாழ்ந்த குரூசோவின் பாத்திரப் படைப்பிலும் நொக்சின் அனுபவங்களின் சாயல் உண்டெனத் திறனாய்வாளர் பலர் கருதுவர்.

நொக்ஸ் கற்பனை மாந்தரல்லர். அவருடைய தந்தையார் தலைவராயிருந்த 'ஆன்' என்னும் கப்பல், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் ஈடுபட்டிருந்தது. 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மசூலிப்பட்டினத்திற் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த அக்கப்பல், செப்பனிடும்பொருட்டுத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் தந்தையும் மகனும் உட்படப் பதினாறு பேர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். அப்போது மகனுக்கு வயது 19. தந்தை அடுத்த ஆண்டிற் காய்ச்சலால் இறந்தார். மகனோ, தொப்பி பின்னியும், நெல்லைக் கடன் கொடுத்தும், ஊரூராகச் சென்று சில்லறை வியாபாரஞ் செய்தும் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். குரூசோவுக்கும் நொக்சுக்கும் இடையேயுள்ள அடிப்படை வேறுபாடும் இதுவே. குரூசோ மனிதரற்ற தீவில் வாழ்ந்தான். நொக்ஸ் மனிதர் நிறைந்த நாட்டில், அவர்தம் மொழியைப் பேசி, அவர்தம் சந்தைகளிற் பொருள் விற்று வாழ்ந்தார்.

பயணமும் பாதையும்

வியாபாரமே நொக்சுக்கு வழிகாட்டியாயிற்று. ஸ்ரீபன் றட்லண்ட் என்னும் தோழருடன் பல ஆண்டுகளாக அவர் வடக்கு நோக்கிப் பொருள் கொண்டு சென்று, ஒவ்வொரு முறையும் சற்று மேலே சென்று பாதையை அறிந்துவந்தார். இடையில் மூன்று, நான்கு ஆண்டுகளாக மழை பொய்த்தது. காட்டிற் குடிநீர் கிடையாதென்று அஞ்சி அவர்கள் தம் எண்ணத்தை ஒத்திவைக்க நேர்ந்தது. வன்னியின் வரலாறு நீரின் வரலாறே என்பர். ஒரு கைதியின் விடுதலை நாளையும் அங்கு மழையே குறித்தது எனலாம்.

1679ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இருவரும் இறுதிமுறையாகப் புறப்பட்டனர். அநுராதபுரத்தை அடைந்து, வற்றல் இறைச்சி வாங்க வந்ததாகக் கூறி அரச அலுவலரின் ஐயத்தைத் தீர்த்தனர். அங்கிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பாதையிற் காவல் உண்டென்பதை அறிந்து, அப்பாதையை விடுத்து, மல்வத்து ஓயா என்னும் ஆற்றின் கரையைப் பற்றிச் செல்லத் துணிந்தனர். ஆறு எவ்விடத்தும் கடலையே சேருமாகையால் அதுவே தவறாத வழிகாட்டி என்பது அவர்தம் எண்ணம். அரிசியும் உப்பும் மிளகும் கருப்பட்டியும், நீருக்குச் சுரைக்குடுவைகளும், மழைக்குத் தாளிப்பனை ஓலைகளும், தீமூட்டும் கருவிகளும், முள் தைக்காதவாறு காலுக்குச் செருப்புச் செய்ய மான்தோலும் அவர்களிடம் இருந்தன. அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு காட்டுள் நுழைந்தவர்கள், யானைக்கும் கரடிக்கும் அஞ்சித் தீமூட்டித் துயின்று, ஆட்களின் ஓசை கேட்டபோது மரப்பொந்தில் ஒளிந்து, 18ஆம் நாள் சனிக்கிழமை மாலையில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். 1680ஆம் ஆண்டில் நொக்ஸ் இங்கிலாந்து சேர்ந்தார். 1681இல் அவருடைய இலங்கை பற்றிய நூல், அறிஞர் றொபேட் ஹூக்கின் முன்னுரையுடன் இலண்டனில் வெளிவந்தது. பின்னர் ஜேர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

மல்வத்து ஓயா கீழ்நிலத்தில் அருவியாறு எனத் தமிழர் வழங்கும் அதே ஆறாகும். 'மகாவமிசம்' இதனைக் கதம்ப நதி என்று குறிப்பிடும். அநுராதபுரத்திலிருந்து தந்திரிமலை வழியாகவும், வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளப் பகுதியின் எல்லையை ஒட்டியும், மன்னார் மாவட்டத்துள் நுழைந்து அரிப்பை அடுத்துக் கடலோடு கலக்கின்றது.

சான்றும் அதன் எல்லையும்

நாவலிற் சுருங்கிய இப்பயணம் நொக்சின் மூலநூலில் விரிவாகக் கிடக்கின்றது. வன்னி வரலாற்றுக்குப் பயன்படும் செய்திகளும் அங்கேயே உள. அவற்றுள் மூன்று ஈண்டுக் கருதத்தக்கன.

முதலாவது, மொழி பற்றியது. அநுராதபுரச் சமவெளியில் தாம் கண்ட மக்கள் 'மலபார்கள்' என்றும், கண்டியரசனின் குடிகளாயினும் தாம் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை என்றும், சிங்களம் அறிந்த ஒருவர் வரும்வரை இருசாராரும் ஒருவரையொருவர் பார்த்து நின்றதாகவும் நொக்ஸ் கூறுகின்றார். அக்கால ஐரோப்பியர் தமிழரையே மலபார் என வழங்கினர். ஆயினும் இச்சான்றை அளவுக்கு மிஞ்சி நீட்டுதல் ஆய்வுநெறியன்று. ஒருவர் ஒரு பருவத்தில் ஒரு வழியிற் கண்டதே இது. அரசியல் எல்லையும் மொழி எல்லையும் அன்று ஒன்றாயிருக்கவில்லை என்பதை மட்டும் இது ஐயமின்றிக் காட்டுகின்றது. கண்டியரசனின் குடிகளாகத் தமிழ் பேசுவோர் வாழ்ந்தனர். இரு மொழியும் அறிந்தோர் இடையே நின்று பேசினர். பிற்காலத்து அரசியல் வாதங்கள் எப்பக்கத்திலிருந்து எழுந்தாலும், அவை விரும்பும் நேர்கோடுகள் 1679ஆம் ஆண்டின் நிலத்தில் இல்லை.

இரண்டாவது, ஆட்சி பற்றியது. கண்டி இராச்சியத்துக்கும் ஒல்லாந்தர் ஆட்சிப் பகுதிக்கும் இடையே மலபார்களின் நாடு ஒன்று உண்டென்றும், அதன் தலைவன் 'கொயிலற் வன்னியா' என்றும் நொக்ஸ் குறிப்பிடுகின்றார். பனங்காமத்துக் கயிலாய வன்னியனே இவ்வாறு திரிந்த பெயரால் சுட்டப்பட்டுள்ளான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். வன்னிபங்களுள் முதன்மை பெற்றது பனங்காமம். யானைகளைத் திறையாகச் செலுத்துமாறு ஒல்லாந்தர் வன்னியரை வற்புறுத்தியதும், வன்னியர் அதனை இயன்றவரை தட்டிக்கழித்ததும் ஒல்லாந்த ஆவணங்களால் அறியப்படுவன. தென்னகத்துச் சிதம்பரத்திற் கயிலாய வன்னியனார் பெயரால் மடதருமம் நடைபெற்றமையைச் செப்பேடு ஒன்று கூறும். காட்டின் நடுவே தனித்திருந்த சிற்றரசாகக் கருதப்படும் வன்னிபம், கடல் கடந்து தில்லையோடும் உறவு பூண்டிருந்தது. வன்னியரைப் பற்றிப் பேராசிரியர் சி. பத்மநாதன் 1970இல் வெளியிட்ட நூலும், ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய நூலும் இத்துறையிற் புகுவோர்க்கு இன்றியமையாதன.

மூன்றாவது, நீர்ப்பாசனம் பற்றியது. ஆற்றின் கரையோரமாகச் செதுக்கிய கற்றூண்கள் எண்ணிறந்தன நிற்பதையும், கற்குவியல்கள் கிடப்பதையும், சில இடங்களிற் கற்பாலங்களின் இடிபாடுகள் தோன்றுவதையும் நொக்ஸ் கண்டார். தப்பியோடும் அவசரத்திலும் இவற்றைக் கண்டு நினைவில் வைத்தமை வியப்புக்குரியது. அவர் பாலங்கள் என்று கருதியவற்றுட் சில உண்மையில் ஆற்றை மறித்த அணைகளாயிருக்கலாம். அருவியாற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள தேக்கம் என்னும் பழைய கல்லணை, கால்வாய் மூலம் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் அனுப்ப அமைந்ததாகும். எனவே அவர் கடந்த காடு தொன்றுதொட்டு வெறுங்காடாயிருந்ததன்று. குளமும் வயலும் கோயிலும் விகாரையும் நிறைந்திருந்து பின்னர்க் காடு மூடிய நிலமாகும்.

இம்மூன்றையும் நோக்கும்போது, நாவல் எதனை இழந்தது என்பது தெளிவாகும். டீபோவுக்கு வேண்டியது ஓர் ஆங்கிலேயனின் மனவுறுதி. ஆகையால் அவன் கடந்த நிலம் கதையிற் பின்னணியாகவே ஒதுங்கிற்று. வன்னியை வெறுங்காடாகக் காணும் பார்வை அந்நாவலோடு தோன்றியதன்று, அதனோடு முடிந்ததுமன்று. குடியேற்றத் திட்டம் வகுத்தோரும் போர்த் திட்டம் வகுத்தோரும் பிற்காலத்தில் அதே பார்வையோடு வரைபடத்தை நோக்கினர்.

அதே கரையிற் பிறர்

இவ்வழியைத் தேடிச் செல்லும் தனி ஆய்வாளன் நொக்சின் அடிச்சுவட்டை மட்டும் காணமாட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தென்னிந்தியத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சியூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். நொக்ஸ் விடுதலை தேடி மேற்கே நடந்த காட்டை, அவர்கள் கூலி தேடி எதிர்த்திசையிற் கடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் இறந்தோர் பலர். நொக்சின் ஆறு நாட்களுக்கு ஒரு நூலுண்டு. ஒரு நாவலில் இடமுண்டு. இவர்களுட் பெரும்பாலோர்க்குப் பெயர்ப் பதிவுதானும் இல்லை. 1914இல் தலைமன்னார் இருப்புப்பாதை அமைந்தபின் அந்நடைவழி மறக்கப்பட்டது. அவ்விருப்புப்பாதையும் 1990இற் போரினால் அழிந்து, 2013இல் மடுவீதி வரையும் 2015இல் தலைமன்னார் வரையும் மீண்டும் திறக்கப்பட்டது.

இன்னும் அண்மைக் காலத்துச் சுவடும் அக்கரையில் உண்டு. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு நிலப்பரப்பிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களுட் பெரும்பாலானோர், செட்டிகுளத்தை அண்டிய மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். இராமநாதன், அருணாசலம், ஆனந்தக்குமாரசாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியோரின் பெயர்கள் அம்முகாம் பகுதிகளுக்குச் சூட்டப்பட்டிருந்தன. முகாமின் ஓரமாக ஓடியது இதே அருவியாறு. 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. அரசன் ஒருவனின் கைதி எந்த ஆற்றைப் பற்றி விடுதலை பெற்றானோ, அந்த ஆற்றின் கரையில் 330 ஆண்டுகளின் பின்னர், அந்நிலத்தின் மக்களே வெளியேற அனுமதியின்றி இருந்தனர். வரலாறு தன்னைத் தானே திருப்பிக் கூறுவதில்லை. ஆனால் ஓரிடத்தின் மீது பலமுறை எழுதுகின்றது. மேலே எழுதப்பட்டதை மட்டும் படிப்போன் அடியிலுள்ளதை இழக்கின்றான்.

முடிவுரை

நொக்சின் வழியை ஆராய்வதன் பயன் ஓர் ஆங்கிலேயனைப் போற்றுவதன்று. அவன் நூலை நிலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கும்போது, வன்னியின் பழைய குடியிருப்புகளையும், எல்லைகளையும், நீர்நிலைகளையும் அறிய ஒரு வாயில் திறக்கின்றது. அவ்வாயிலினூடு செல்லுதற்கு ஆங்கில நூலறிவு மட்டும் போதாது. குளங்களின் பெயர்களையும், ஆற்றுத்துறைகளின் பெயர்களையும், காட்டுவழிகளைப் பற்றிய செவிவழிச் செய்திகளையும் அறிந்த முதியோரின் நினைவும் வேண்டும். இடப்பெயர்வினாலும் இறப்பினாலும் அந்நினைவு விரைந்து அருகி வருகின்றது. நொக்ஸ் ஆறு நாள் நடந்ததை எழுதி வைத்தமையால் அது மூன்று நூற்றாண்டு கடந்தும் வாழ்கின்றது. அக்காட்டிற் பல தலைமுறை வாழ்ந்தோர் அறிந்தவை எழுதப்படவில்லை. அவற்றை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவு செய்தல், நூலகத்தில் அமர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அப்பணி இத்தலைமுறை மாணவராற் செய்யப்படாவிடின், அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது டீபோவின் நாவல் காட்டிய வெறுங்காடு மட்டுமே.