பழம்பாணித் தலைப்பெழுத்துரு

பழம்பாணித் தலைப்பெழுத்துரு என்பது தேய்ந்த மர அச்செழுத்துகள் தாளில் பதிக்கும் தோற்றத்தைக் கணினியில் போலச்செய்யும் தடித்த எழுத்துரு வகையாகும். இது தலைப்புகளுக்கே உரியது. தமிழில் பழமையைக் காட்ட எழுத்தின் தேய்மானம் மட்டும் போதாது. 1978 ஆம் ஆண்டுக்கு முந்தைய எழுத்து வடிவங்களும் தேவைப்படும்.

வரலாறு

பெரிய எழுத்துகளை ஈயக் கலவையில் வார்த்தால் எடை கூடும். ஆறும்போது அவற்றின் முகப்பு சமமாக அமைவதும் அரிது. ஆகவே சுவரொட்டிகளுக்கு மர எழுத்துகள் பயன்பட்டன. நியூயார்க்கைச் சேர்ந்த டேரியசு வெல்சு 1827 ஆம் ஆண்டில் சுழலும் வெட்டுக்கருவியைக் கொண்டு இவற்றைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். 1834 இல் வில்லியம் லெவன்வர்த் அதனுடன் படியெடுக்கும் கருவியை இணைத்தார். இதனால் ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகளில் எழுத்துகளை வெட்ட முடிந்தது.

நாட்பட்ட மர எழுத்துகளின் விளிம்புகள் மழுங்கும். முகப்பில் கீறல் விழும். மை ஒட்டாத இடங்கள் தாளில் வெண்புள்ளிகளாகத் தெரியும். அச்சகத்தில் குறையாகக் கருதப்பட்ட இதுவே பின்னர் அழகாகக் கொள்ளப்பட்டது.

தமிழ் எழுத்து வடிவங்கள்

தமிழ்நாடு அரசு 1978 இல் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. இவற்றுள் ணை, லை, ளை, னை ஆகியவை அதற்கு முன்பு யானையின் துதிக்கை போன்ற வளைவுடன் எழுதப்பட்டன.

எடுத்துக்காட்டாக, தென்காசி மாவட்டத்திலுள்ள வாசுதேவநல்லூரின் பெயரில் இந்த 13 எழுத்துகளில் ஒன்றும் இல்லை. எனவே அப்பெயருக்குத் தேய்ந்த தோற்றமே போதுமானது. அதே மாவட்டத்துக் குற்றாலத்தின் பெயரில் 'றா' வருகிறது. அதைப் புதிய வடிவில் எழுதி விளிம்புகளைச் சிதைத்தால், பழைய பலகையின் தோற்றம் முழுமையாகக் கிடைக்காது.

ஒருங்குறியில் இரு வடிவங்களுக்கும் குறியீடு ஒன்றே. எந்த வடிவம் திரையில் தோன்றும் என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. ஆகையால் பழைய வடிவில் காட்டப்படும் உரையையும் வழக்கம்போல் தேடலாம், படியெடுக்கலாம்.

வடிவமைப்பு

ஓர் எழுத்து இருமுறை வரும்போது இரண்டிலும் ஒரே கீறல் தெரிந்தால் போலித்தன்மை வெளிப்பட்டுவிடும். இதைத் தவிர்க்க, ஒவ்வோர் எழுத்துக்கும் வெவ்வேறு தேய்மானம் கொண்ட இரண்டு அல்லது மூன்று உருக்கள் வரையப்படுகின்றன. ஓப்பன்டைப் எழுத்துருக்களில் அடுத்தடுத்து வரும் எழுத்துகளைப் பொறுத்து இவை தாமாக மாறி வருமாறு அமைக்கலாம்.

பயன்பாடும் வரம்பும்

திரைப்படத் தலைப்புகள், சுவரொட்டிகள், நூலட்டைகள், உணவகப் பலகைகள், பொருட்களின் உறைகள் ஆகியவற்றில் இவ்வகை எழுத்துருக்கள் பயன்படுகின்றன. சிறிய அளவில் இவை பொருந்தா. தேய்மானத்தைக் காட்டும் வெண்புள்ளி தமிழ் எழுத்தின் மேலுள்ள புள்ளியை அழித்துவிட்டால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். ஆகவே தேய்மானத்தை எழுத்தின் தடித்த உடற்பகுதியில் மட்டும் அமைத்து, புள்ளியையும் சுழிகளையும் சிதைக்காமல் விடுவதே ஏற்றது.