எண்பதாயிரம் கலம் நெல்

தஞ்சை மராட்டியர் – தொடர் 31

துளஜா மன்னர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். தத்தெடுத்த பிள்ளை சரபோஜிக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. அந்தச் சிறுவனின் கையைப் பிடித்து யாரிடம் ஒப்படைக்க நினைத்தார் மன்னர் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். தம்பி அமர்சிங் பக்கத்திலேயே இருந்தார். ராணிகள், அமைச்சர்கள் எல்லோரும் இருந்தார்கள். கம்பெனியின் ரெசிடென்டும் ஊரில்தான் இருந்தார். ஆனால் மன்னர் ஆள் அனுப்பி வரவழைத்தது சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியாரை. இனி இவன் உங்கள் பிள்ளை என்று அவர் கையில் கொடுக்கப் பார்த்தார்.

சிவபக்தியில் ஊறிய போன்ஸ்லே வம்சத்து அரசர் தன் வாரிசைக் கிறிஸ்தவப் பாதிரியாரிடம் ஏன் கொடுக்க வேண்டும்? அவர் மதம் மாறவில்லை, மாறும் எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் 1787க்குள் நுழைந்தால் அடுத்த பதினோரு ஆண்டுக் கதையும் நமக்குப் பிடிபடாது. அதனால் பட்டாபிஷேகம் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் நெல்லைப் பற்றிப் பேசுவோம்.

கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ் பிறந்தது 1726இல், பிரஷ்யாவின் சோனன்பர்க் என்ற சிற்றூரில். ஹாலே நகரில் படித்தார். அங்கே தமிழ் வேதாகம அச்சு வேலைக்கு உதவுவதற்காகத் தமிழ் கற்றார். இந்தியாவுக்குப் புறப்படுமுன் தகப்பனார் சொத்தில் தனக்கு வரவேண்டிய பங்கை உடன்பிறந்தவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். 1750 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். நான்கே மாதத்தில் சீகன்பால்கு கட்டிய தேவாலயத்தில் ஏறி நின்று தமிழில் பிரசங்கம் செய்தார். அதன்பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒருமுறைகூட சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

திருச்சியில் அவர் இருந்த கோலத்தை வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். ஒரு பழைய கட்டடத்தில் ஓர் அறை. கட்டில் போட்டால் மனிதன் நிற்க இடம் இருக்கும், அவ்வளவுதான். சாப்பாடு, வெந்த சோறும் காய்கறியும். உடுப்பு, கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. வருமானம் ஆண்டுக்கு 48 பவுன். மதுரை முற்றுகையில் காயம்பட்டு வந்தவர்களைப் பராமரித்ததற்காக நவாப் முகமது அலி 300 வராகன் கொடுத்தார். அதை வாங்கி அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் போட்டார் சுவார்ட்ஸ். தனக்கென்று ஒரு வராகனும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதே காலத்தில் அதே கர்நாடகத்தில் மற்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது இந்தத் தொடரின் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பால் பென்ஃபீல்ட் நவாபுக்குக் கடன் கொடுத்துத் தஞ்சையின் விளைச்சலையே அடமானமாகப் பிடித்தான். சென்னை கவர்னர் பிகாட் பிரபு அதற்குக் குறுக்கே நின்று, சொந்தக் கவுன்சிலாலேயே சிறைவைக்கப்பட்டுச் செத்தார். அந்த நாற்காலியில் பிறகு வந்து உட்கார்ந்தவர் சர் தாமஸ் ரம்போல்ட். சென்னையில் பெரும் பணம் சேர்த்தார் என்று இங்கிலாந்து நாடாளுமன்றமே அவரை விசாரிக்க நேர்ந்தது. கடைசியில் அந்த விசாரணை தண்டனையில்லாமல் அடங்கிப்போனது என்பதற்காக நான் அவரை மன்னிக்கத் தயாராக இல்லை.

இந்த ரம்போல்ட்தான் 1779இல் சுவார்ட்ஸை அழைத்தார். மைசூரில் ஹைதர் அலி கொதித்துக்கொண்டிருந்தார். 1769 உடன்படிக்கையில் ஆபத்துக்கு உதவுவோம் என்று கையெழுத்திட்ட ஆங்கிலேயர், மராட்டியர் படையெடுத்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1779 மார்ச்சில், தன் பாதுகாப்பில் இருக்கிறது என்று ஹைதர் எச்சரித்த மாஹியையும் பிடித்தார்கள். இத்தனைக்கும் பிறகு, நமக்குச் சமாதானமே வேண்டும் என்று அவரிடம் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. கம்பெனி அதிகாரி யார் போனாலும் ஹைதர் நம்பமாட்டார். பாதிரியாரை அனுப்பட்டும், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்பது ஹைதரின் நிலை.

சுவார்ட்ஸ் தயங்கினார். அரசியல் தூது ஊழியக்காரனுக்கு ஏற்ற வேலையா என்று யோசித்தார். ரத்தம் சிந்துவதைத் தடுக்க முடியுமானால் போகத்தான் வேண்டும், ஆனால் எவரிடமும் எந்த வெகுமதியும் வாங்கக்கூடாது என்று தனக்குத்தானே நிபந்தனை போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

மைசூர் எல்லையான கரூரில் ஹைதரின் அனுமதிக்காகக் காத்திருந்தார். பிறகு சத்தியமங்கலம் வழியாகக் கஜ்ஜல்ஹட்டிக் கணவாயில் ஏறினார். மழையில் உடைந்த பாலங்களைக் கையோடு பழுதுபார்க்கும் ஹைதரின் நிர்வாகத்தைப் பாராட்டிக் குறிப்பு எழுதினார். எதிரி தேசத்துக்குத் தூது போகிறவர் எதிரியின் நல்லதைக் கண்டால் அதையும் எழுதுகிறார். இந்த நேர்மை கம்பெனியின் பழைய காகிதங்களில் எங்கே தேடினாலும் அபூர்வம்.

ஆகஸ்ட் கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம். கோட்டைக்குள் காய்ச்சல் பரவியிருந்ததால் வெளியே மதிலோரம் அவருக்குக் கூடாரம் போட்டுக் கொடுத்தார்கள். ஹைதரின் படையில் ஐரோப்பியச் சிப்பாய்கள் இருந்தார்கள், அவர்களில் ஜெர்மானியரும் உண்டு. ஞாயிறுதோறும் அவர்களைக் கூட்டி ஆராதனை நடத்தினார். யாரும் தடுக்கவில்லை. அரண்மனையில் பளிங்குத் தூண்கள் நின்ற மண்டபத்தில், தன் கம்பளத்திலேயே பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார் ஹைதர். எதிரே தோட்டம், நீரூற்று, ஒட்டுக்கட்டி ஒரே மரத்தில் இருவகைப் பழம் காய்க்கும் மரங்கள். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுற்றிலும் எழுத்தர்களை வைத்துக்கொண்டு ஒருவருக்கு ஒரு கடிதம் சொல்லி முடிக்குமுன் அடுத்தவருக்கு உத்தரவு சொல்லும் அந்த மூளையைப் பார்த்து சுவார்ட்ஸ் வியந்தார். தவறு செய்த அதிகாரிக்குச் சவுக்கடி விழுவதையும் பார்த்தார். இரண்டையும் எழுதினார்.

ஆங்கிலேயர் எப்போது எங்கே வாக்கு மீறினார்கள் என்று ஹைதர் பட்டியல் போட்டார். சுவார்ட்ஸிடம் அதற்குப் பதில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது, பட்டியல் முழுக்க உண்மை. ரம்போல்டின் சமாதானப் பேச்சு வெறும் நேரம் கடத்தல் என்பது என் கருத்து. ஒரு நல்ல மனிதரின் நல்ல பெயரைக் கம்பெனி கடன் வாங்கிச் செலவழித்தது. பாதிரியார் கம்பெனியின் கைக்கருவியாக இருந்தார் என்று குற்றம் சாட்டுகிறவர்கள் உண்டு. கருவியாக்கப் பார்த்தார்கள் என்பது சரி. ஆனால் அந்தத் தூதில் சுவார்ட்ஸ் பொய் சொன்னதாக ஹைதரே கடைசிவரை சொல்லவில்லை.

விடைபெறும்போது வழிச்செலவுக்கென்று பல்லக்கில் ஒரு பை வந்தது. உள்ளே 300 ரூபாய். வேண்டாம் என்றார் சுவார்ட்ஸ். திருப்பி எடுத்துப் போனால் எங்கள் உயிருக்கே ஆபத்து என்று கொண்டுவந்தவர்கள் கலங்கினார்கள். அவர்களுக்காக வாங்கிக்கொண்டு, சென்னை வந்ததும் கவுன்சில் மேஜையில் பையை வைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றது கவுன்சில். அப்படியானால் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தருமப் பள்ளி ஒன்று தொடங்க இதை மூலதனமாக்க அனுமதியுங்கள் என்று கேட்டார். ஹைதர் அலி பணத்தில் தஞ்சையில் பள்ளிக்கூடம்! இந்தத் தொடரில் நான் எழுதிய கொடைகளில் இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்றில்லை.

1780 ஏப்ரலில் ரம்போல்ட் கப்பலேறினார். ஜூலையில் ஹைதர் கர்நாடகத்தில் இறங்கினார். பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்த கதையையும் அன்னக்குடியில் திப்பு பிரைத்வெய்ட்டை மடக்கிய கதையையும் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அந்தப் படைகள் மிதித்துப்போன காவிரிக் கரையில் பாதிரியார் மட்டும் எங்கும் போய்வந்தார். அந்தப் பாதிரியை ஒருவரும் தொடக்கூடாது, மரியாதையாக வழிவிடுங்கள் என்று தன் தளபதிகளுக்கு ஹைதர் உத்தரவிட்டிருந்தார்.

தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. சிப்பாய்களுக்கே படியளக்க நெல் இல்லை. காலையில் தெருவைப் பார்த்தால் பிணம். நெல் மலிவாக இருந்த காலத்தில் சுவார்ட்ஸ் வாங்கிச் சேர்த்து வைத்திருந்ததில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். ஒரு கோட்டைக்கே அது எத்தனை நாள் காணும்?

வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, அடித்துக் கொண்டுவர மாடும் இருந்தது. வரத்தான் ஆள் இல்லை. காரணம் ஹைதரின் குதிரைப்படை மட்டும் அல்ல. மன்னரின் ஆட்கள் முன்பு நெல்லையும் மாட்டையும் பிடித்துக்கொண்டு காசு கொடுக்காமல் விட்டிருந்தார்கள். கம்பெனிக்காரர்களும் அதே வேலையைச் செய்திருந்தார்கள். அரசன் முத்திரை போட்ட ஓலைக்கும் கம்பெனிக் காகிதத்துக்கும் குடியானவன் மதிப்புக் கொடுக்கவில்லை. கொடுக்காதது அவன் புத்திசாலித்தனம் என்றே சொல்வேன். அப்போதுதான் துளஜா தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார்: நாம் எல்லோரும் நம்பிக்கையைத் தொலைத்துவிட்டோம். சுவார்ட்ஸை ஜனங்கள் நம்புகிறார்களா பார்ப்போம்.

முழு அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்தார்கள். சுவார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். மாட்டோடு வாருங்கள், வழியில் மாடு செத்தாலும் பறிபோனாலும் அதற்கும் என் கையால் பணம் தருவேன் என்று எழுதினார். ஓரிரண்டு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. கொஞ்ச நாளில் கோட்டைக்குள் சேர்ந்த நெல் 80,000 கலம். பேசியபடி ஒவ்வொருவருக்கும் பணம் எண்ணிக் கொடுத்து, அதற்குமேல் சிறு அன்பளிப்பும் கொடுத்து அனுப்பினார். மறுபடி பஞ்சம் தலைகாட்டியபோது மறுபடியும் அவர் கடிதம் போனது. மறுபடியும் வண்டிப்பாதைகள் நிறைந்தன.

ஹைதர் கோட்டையைப் பிடிக்க முடியாமல் போனதற்கு யார் யாருடைய வீரமோ காரணம் என்று ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார்கள். பசித்த வயிற்றோடு எந்த வீரனும் மதிலில் நிற்க முடியாது. தஞ்சைக் கோட்டையைக் காத்தது அந்த நெல். நெல்லைக் கொண்டுவந்தது கறுப்புப் பருத்தி உடுத்திய ஒருவரின் வார்த்தை. அந்த வார்த்தைக்கு விலை எங்கிருந்து வந்தது? நவாபின் வராகன் பள்ளிக்கூடத்துக்குப் போனதிலிருந்து, ஹைதரின் பை கவுன்சில் மேஜைக்குப் போனதிலிருந்து வந்தது. முப்பது ஆண்டுகளாக எவர் பணமும் அவரிடம் ஒட்டவில்லை என்பது பட்டுக்கோட்டை வரையிலும் தெரிந்திருந்தது. இந்த மண்ணில் சேர்க்கும் செல்வத்தைப் பூச்சி அரிக்கும், திருடன் கொண்டுபோவான், பரலோகத்தில் சேருங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை இம்மைக்கு உதவாத உபதேசம் என்று நினைப்பவர்கள் உண்டு. பரலோகக் கணக்கில் சுவார்ட்ஸ் சேர்த்தது தஞ்சைக் களத்துமேட்டில் எண்பதாயிரம் கலமாக அளக்கப்பட்டது.

போர் முடிந்தது. மன்னருக்குப் புத்தி வந்ததா? இல்லை. துளஜாவின் பிள்ளைகள், பேரன் எல்லோரும் அடுத்தடுத்து இறந்தார்கள். துக்கத்தில் அரண்மனைக்குள்ளே முடங்கிக்கொண்டார். ராஜ்ஜியத்தை அமைச்சர் பாபா கையில் விட்டார். வரிக்கொடுமை தாங்காமல் 65,000 பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். உழ ஆளில்லாமல் காவிரித் தண்ணீர் சும்மா கடலுக்குப் போனது. பாபாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல நான் எவ்வளவோ தேடியும் எதுவும் அகப்படவில்லை.

திரும்பி வாருங்கள் என்று மன்னர் அழைத்தபோது ஒருவரும் அசையவில்லை. சுவார்ட்ஸ் தன் பொறுப்பில் அழைத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். சாகுபடிப் பருவம் ஏறக்குறைய கடந்துவிட்டது, இருந்தாலும் முடிந்ததைச் செய்யுங்கள் என்றார் அவர். எங்களுக்கு நீங்கள் செய்த நன்மைக்கு உங்கள் பேர் கெட விடமாட்டோம், இரவும் பகலும் உழைப்போம் என்று சொல்லி வயலில் இறங்கினார்கள். இவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். மாரியம்மனுக்கும் அய்யனாருக்கும் பொங்கலிடும் குடியானவர்கள்தான்.

இவரைத்தான் 1787இல் துளஜா படுக்கையருகே அழைத்தார். தன் வம்சத்தில் ஒருவர் விடாமல் அரியணைக்கு ஆசைப்பட்டதைப் பார்த்தவர் அவர். சிறுவனின் சொத்தின் மேல் ஆசை வைக்காத ஒரே மனிதர் யார் என்று யோசித்ததில் மன்னர் தவறவில்லை. தவறியது சுவார்ட்ஸ்தான் என்பேன். வேலியில்லாத தோட்டத்தை நான் எப்படிக் காப்பேன், மரபுப்படி தம்பியிடமே ஒப்படையுங்கள் என்று ஆலோசனை சொன்னார். அமர்சிங்கும் தன் பிள்ளையைப்போல் காப்பதாக வாக்குக் கொடுத்தார். தான் வாக்கு மீறாதவர் என்பதால் பிறரும் மீறமாட்டார்கள் என்று நம்பிவிடுவது நல்லவர்களின் பலவீனம். இதற்கான விலையைச் சிறுவன் சரபோஜி, அமர்சிங் அடைத்துவைத்த வெளிச்சமில்லாத அறையில் உட்கார்ந்து கட்டினான். அவனை மீட்கத் தன் கடைசிப் பத்தாண்டுகளைச் செலவழித்து சுவார்ட்ஸ் அந்தத் தவற்றைச் சரிசெய்தார்.

1798 பிப்ரவரி 13ஆம் தேதி சுவார்ட்ஸ் இறந்தார். கடைசிக் காலத்தில் கம்பெனிச் சம்பளத்தில் மிஞ்சியதையெல்லாம் மிஷனுக்கும் ஏழைகளுக்கும் எழுதி வைத்திருந்தார். அதே ஆண்டு ஜூனில் சரபோஜி அரியணை ஏறினார். தஞ்சையின் சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், பாதிரியாரின் கையைச் சரபோஜி பிடித்திருக்கும் பளிங்குச் சிற்பத்தைப் பார்க்கலாம். லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லி அதைச் செய்யவைத்தவர் சரபோஜியே. சரஸ்வதி மகாலை வளர்த்த மன்னருக்குப் படிப்பின் ருசி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் இந்தப் பாதிரியாரிடமிருந்து தொடங்க வேண்டும்.

சொன்ன வாக்கைக் காற்றில் விட்ட அமர்சிங், தத்து செல்லாது என்று சாஸ்திரம் சொன்ன பண்டிதர்கள், அவர்களை அப்படிச் சொல்லவைத்த காரணங்கள், சரபோஜி இரவோடு இரவாகச் சென்னைக்குப் போக நேர்ந்த பின்னணி எல்லாம் அடுத்த வாரம்.