புரசைவாக்கத்தில் ஒரு சிறு கோயில்

தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவரும் ஒரே கடவுள் என்பதை மறுப்பது இங்கிலாந்தின் சட்டப்படி 1813 ஆம் ஆண்டு வரை குற்றமாக இருந்தது. இறைவன் ஒருவனே, இயேசு மக்களுக்கு வழிகாட்டிய ஆசான் என்று கொண்டோர் யூனிட்டேரியர் எனப்பட்டனர். அச்சட்டம் தளர்ந்த அதே ஆண்டில், சென்னைப் புரசைவாக்கத்தில் ஒரு தமிழர் அக்கொள்கைக்கெனச் சிறு கோயிலொன்றை எழுப்பினார். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை. எனினும் அவை ஓராண்டிலேயே பொருந்தியமை வியப்பிற்குரியது.

அத்தமிழர், வேளாளர் குடியில் பிறந்து, பின்னர் வில்லியம் ராபர்ட்ஸ் எனப் பெயர் பெற்றவர். வெள்ளையரிடம் பணியாளாக இருந்து கடல் கடந்து சென்ற அவர், இங்கிலாந்தில் லிண்ட்சே, பிரீஸ்ட்லி ஆகியோரின் எழுத்துகளைக் கண்டார். லிண்ட்சே, தம் மனச்சான்றுக்கு ஒவ்வாத வழிபாட்டை நடத்த இயலாமல் 1773இல் திருச்சபைப் பதவியைத் துறந்தவர். பிரீஸ்ட்லியோ உயிர்வளியைக் கண்டறிந்த வேதியியலறிஞர். 1791இல் பர்மிங்காம் கலகக்காரர்கள் அவருடைய இல்லத்தைக் கொளுத்தினர். இவ்வளவு விலை கொடுத்து எழுதப்பட்ட கருத்துகள் ஒரு பணியாளின் கைக்கு எட்டின. ஏவல் செய்து பிழைப்பவனுக்குக் கடவுளின் இயல்பைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பார் உளர். அவனுக்கும் அந்த வினா உண்டு என்பதற்கு ராபர்ட்ஸின் வாழ்வே சான்று.

தாயகம் திரும்பிய அவர், 1795இல் சென்னையில் ஒரு சிறு சபையைத் தொடங்கினார். எந்தச் சமயப் பரப்புநரும் அவரை அனுப்பவில்லை. தமிழில் வழிபாட்டு உரைகளையும் அவரே ஆக்கிக்கொண்டார். வினா எழுந்த மொழியிலேயே வேண்டுதலும் அமைய வேண்டுமன்றோ? அவர் எழுதிய கடிதங்களை 1818இல் இலண்டனில் தாமஸ் பெல்ஷம் நூலாக வெளியிட்டார். 1838இல் ராபர்ட்ஸ் மறைந்த பின் அவர்தம் மகன் சபைப் பணியை ஏற்றார்.

இத்தகைய தேடல் வடகிழக்கிலும் தனியே முளைத்தது. காசி மலைநாட்டைச் சேர்ந்த ஹாஜொம் கிசோர் சிங், 1865இல் பிறந்தவர். வேல்சு நாட்டு மிஷன் சபையில் சேர்ந்தும், நரகத்தை முன்னிறுத்திய அதன் போதனை அவருடைய உள்ளத்திற்கு அமைதி தரவில்லை. கல்கத்தாவிலிருந்த அமெரிக்க யூனிட்டேரியர் சார்லஸ் டாலுடன் கடிதத் தொடர்பு கொண்டார். தாம் நாடியது முன்னரே ஒரு நெறியாக வழங்குவதை அறிந்தார். 1887 செப்டம்பர் 18 அன்று ஜோவாயில் தம் இல்லத்திலேயே முதல் வழிபாட்டை நடத்தினார்.

சென்னைச் சபை என்றும் சிறியதாகவே இருந்தது. காசி மலைச் சபைகளோ ஊர்தோறும் பரவின. தாய்வழிக் குடிமரபினரான அம்மக்களின் கொள்கை உரையில், கடவுள் தந்தை மட்டுமல்லர், தாயும் ஆவார். இந்த ஒரு சொல்லை அவர்கள் எந்த வெளிநாட்டு நூலிலிருந்தும் இரவல் பெற்றிருக்க வேண்டியதில்லை.