அபினிக் குளிகையும் ஆய்வுப் பணமும்

பம்பாய் நூற்பாலைகளில் வேலை செய்த பெண்களின் பேறுகால நிலையை ஆராய, 1920களின் தொடக்கத்தில் மாகாண அரசு பார்ன்ஸ் என்னும் பெண் மருத்துவரை அமர்த்தியது. 1922இல் வெளிவந்த அவரது அறிக்கையில் ஒரு விவரம் இன்றும் படிப்போரைத் திடுக்கிட வைக்கும். ஆலைப் பெண்களின் கைக்குழந்தைகளில் 98 விழுக்காட்டினருக்கு அபினி கொடுக்கப்பட்டு வந்தது. அதற்கென்றே சிறு குளிகைகள் விற்றன. அவற்றின் பெயர் பால கோலி, அதாவது குழந்தைக்கான குளிகை. தாய் காலையில் ஆலைக்குள் நுழைந்தால் மாலையில்தான் வெளியே வருவாள். அதுவரை குழந்தை அழாமல் உறங்க வேண்டும்.

இதைத் தாய்மாரின் அறியாமை என்று எழுதி முடித்தவர்கள் அன்று பலர் உண்டு. அது அரைகுறைத் தீர்ப்பு. அபினி திருட்டுச் சரக்கன்று. காசிப்பூரில் இருந்த அரசுத் தொழிற்சாலையில் பதப்படுத்தப்பட்டு, கலால் துறையின் உரிமம் பெற்ற கடைகளில் முறையாக விற்கப்பட்ட பண்டம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிலவரிக்கு அடுத்த நிலையில் இருந்த வருவாய்களுள் அபினி வருவாயும் ஒன்று. குழந்தையின் மூளையில் அந்தக் குளிகை என்ன செய்கிறது என்று கேட்பதற்கு ஆகும் செலவை, குளிகையின் மூலப்பொருளை விற்ற அதே கருவூலம்தான் ஏற்க வேண்டியிருந்தது. இந்தியாவில் போதைப் பொருள் ஆய்வின் நிதி வரலாறு இந்த முடிச்சிலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் பெரிய ஆய்வுகள் இரண்டுமே லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விகளின் விளைவு. 1893இல் அபினிக்கு ஓர் அரச ஆணையமும் கஞ்சாவுக்கு ஓர் ஆணையமும் அமைந்தன. அபினி ஆணையம் 1895இல் அறிக்கை தந்தது. அளவான அபினிப் பழக்கம் மேலை நாட்டு மதுப்பழக்கத்தைப் போன்றதே என்பதாக அதன் போக்கு அமைந்தது. வருவாய்க்குப் பங்கமில்லை.

கஞ்சா ஆணையத்தின் பணி அதைவிட நேர்மையானது. மேக்வொர்த் யங் தலைமையிலான அந்தக் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894இல் பல தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டது. கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குகிறது என்பதற்கு மனநோய் விடுதிகளின் பதிவேடுகளே அதுவரை ஆதாரமாகக் காட்டப்பட்டன. ஆணையம் அந்தப் பதிவேடுகளையே துருவிப் பார்த்தது. 1892ஆம் ஆண்டில் விடுதிகளில் சேர்க்கப்பட்ட 1344 பேரில் 222 பேரின் நோய்க்குக் கஞ்சா காரணம் என்று பதிவாகியிருந்தது. ஒவ்வொன்றையும் மறுபடி விசாரித்தபோது 98 மட்டுமே தேறின. அவற்றிலும் கஞ்சா ஒன்றையே காரணமாகச் சொல்லத்தக்கவை 61. நோயாளியை அழைத்து வந்த காவலர் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தை எப்படியாவது நிரப்பியாக வேண்டும். ‘கஞ்சா’ என்று எழுதினால் வேலை முடிந்தது. அந்தச் சொல்தான் ஆண்டறிக்கையில் ஏறிப் புள்ளிவிவரம் ஆயிற்று.

இதே ஆணையத்துக்காக மருத்துவர் டி. டி. கன்னிங்ஹாம் விலங்குகளிடமும் சோதனை நடத்தினார். குரங்குகளுக்குத் தொடர்ந்து கஞ்சாப் புகையூட்டி விளைவைக் கண்காணித்தார்; ஒப்பீட்டுக்கு ஊமத்தையையும் சோதித்தார். போதைப் பொருளும் உயிருள்ள உடலும் பற்றி இந்தியாவில் அரசுச் செலவில் நடந்த மிகப் பழைய சோதனைகளுள் இது ஒன்றாக இருக்கக்கூடும். எனினும் அங்குக் கேட்கப்பட்ட கேள்வி பைத்தியம் உண்டாகிறதா என்பதைச் சுற்றியதே. வளர்பருவத்து மூளை என்ன ஆகும் என்று எவரும் கேட்கவில்லை.

1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் தோன்றியதும் பணத்தின் வழி சற்று மாறியது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் மருந்தியல் பேராசிரியர் ராம்நாத் சோப்ரா, 1920களிலிருந்து அபினிப் பழக்கத்தைப் பற்றித் தொடர்ச்சியாக எழுதினார். யார் உண்கிறார்கள், எதற்காகத் தொடங்கினார்கள், எவ்வளவு உண்கிறார்கள் என்று ஆட்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்த ஆய்வுகள் அவை. கைக்குழந்தைகளுக்கு அபினி கொடுக்கும் வழக்கமும் அவர் கவனத்துக்குத் தப்பவில்லை. ஆனால் குழந்தையின் எடை, செரிமானம், மரணம் ஆகியவற்றைத் தாண்டி உள்ளே பார்க்க அன்று கருவி ஏது? அபினி மூளையில் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பதே 1973இல்தான் ஆய்வகத்தில் காட்டப்பட்டது. 1931இல் அறிக்கை தந்த விட்லி தொழிலாளர் ஆணையம் ஆலைகளில் குழந்தைக் காப்பகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. குளிகையின் தேவையை வேரிலேயே குறைக்கக்கூடிய யோசனை அதுதான்.

விடுதலைக்குப் பின் 1949இல் அந்தச் சங்கமே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆயிற்று. 1985இல் போதைப் பொருள் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் அதனுள் ஒரு தேசிய நிதியும் சேர்க்கப்பட்டது. கடத்தலை ஒடுக்குதல், பழக்கத்தைக் கட்டுப்படுத்துதல், அடிமையானவரைக் கண்டறிந்து சிகிச்சையளித்து மீட்டல், மக்களுக்கு அறிவுறுத்தல் என்று அந்த நிதியின் பயன்களைச் சட்டம் பட்டியலிடுகிறது. ஆராய்ச்சி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்புக்குக்கூடச் சமூகநீதி அமைச்சகமே பணம் கொடுத்தது. எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் அதை நடத்தியது. 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காட்டினர் பசை, பெட்ரோல், வண்ணக் கரைப்பான் போன்றவற்றை முகர்கின்றனர் என்றும், பெரியவர்களில் அது 0.58 விழுக்காடே என்றும் அது காட்டியது. பெரியவர்களைவிடச் சிறுவர் விஞ்சி நிற்கும் ஒரே போதை அது. மலிவானது, கடையில் கிடைப்பது, கலால் துறைக்கு வெளியே இருப்பது.

எண்ணிக்கை கிடைத்துவிட்டது. அந்தச் சிறுவர்களின் மூளையில் நடப்பதை அறிய வேறு வகை ஆய்வு வேண்டும். பழக்கம் தொடங்கும் முன்பே குழந்தைகளைச் சேர்த்துப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். இல்லையேல் போதையால் மூளை மாறியதா, முன்பே இருந்த மாறுபாடு போதைக்கு இட்டுச் சென்றதா என்று பிரித்தறிய முடியாது. அமெரிக்காவில் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பணத்தில் ஏறத்தாழ 11,900 சிறுவர்களை ஒன்பது, பத்து வயதில் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு இத்தகையது. இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது, பெங்களூரு நிம்ஹான்ஸை மையமாகக் கொண்டு ஏழு களங்களில் நடந்த சிவேதா ஆய்வு. 6 முதல் 23 வயதுவரை உள்ள பத்தாயிரம் பேர் அதன் இலக்கு. இம்பால், கொல்கத்தா, சண்டிகர், மைசூரு, ரிஷி பள்ளத்தாக்கு என்று களங்கள் விரிந்தன. ஒரு பகுதியினருக்கு மூளைப் படமும் எடுக்கப்பட்டது. பணம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடமிருந்தும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவிடமிருந்தும் வந்தது. 1893இல் கேள்வி லண்டனிலிருந்து வந்தது. இம்முறை நல்கையில் ஒரு பங்கு வந்தது.

ஆய்வு நல்கை பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கே வழங்கப்படும். முன்மூளை முதிர்ச்சியடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். ஆறு வயதில் சிவேதாவில் சேர்ந்த ஒரு குழந்தையை அந்த வயதுவரை பின்தொடர, குறைந்தது நான்கு முறை புதிதாக விண்ணப்பித்து, நான்கு முறையும் நல்கை பெற்றாக வேண்டும்.