தேர்வாய் கண்டிகையில் ஒரு குறுந்தகடு: கணினித் தமிழின் கால்நூற்றாண்டுக் குழப்பம் குறித்துச் சில குறிப்புகள்

சென்ற கார்த்திகையில் நம்மிடம் முன்னர் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் வீடு தேடி வந்திருந்தார். தமிழ் படித்தபின் கணினியில் பட்டயம் பெற்று, இப்போது கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பூங்காவில் ஒரு தொழிற்கூடத்தின் அலுவலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். அச்சுப்பொறியில் தாள் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், கடவுச்சொல்லை மறந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தமிழ் படித்தவர் என்பதால் திரையில் தமிழ் கோணலாகத் தெரியும்போதெல்லாம் அந்தப் பழியும் அவர் தலையிலேயே விழுகிறதாம்.

அன்று அவர் கையில் ஒரு குறுந்தகடும் சில அச்சுத் தாள்களும் இருந்தன. “ஐயா, பேரெல்லாம் தேஞ்சி போயிருக்குது. எங்க ஆயா பேரு இதுல இருக்கணும், கண்டுபிடிக்க முடியல” என்றார்.

அவர் ஊர் அப்பகுதியில்தான் உள்ளது. தொழிற்பூங்கா அமைவதற்குமுன் அந்நிலம் ஊரார் ஆடு மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய நிலம். ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அப்பரப்பு தொழிற்பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டபோது ஊர்மக்கள் எதிர்த்ததும், மிஷலின் டயர் நிறுவனம் 2009இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்ததும், 2012இல் இவ்வழக்கு பிரான்சு நாட்டின் முறையீட்டு மையம் வரை சென்றதும் நாளிதழ் வாசகர்கள் அறிந்தவையே. 2020 நவம்பரில் அருகிலேயே 500 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது. பழைய நில அமைப்பை இன்று நேரில் பார்த்து ஊகிப்பது எளிதன்று. அந்த எதிர்ப்பு நாட்களில், 2008 வாக்கில், கால்நடை வைத்திருந்த குடும்பங்களின் பெயர்ப்பட்டியலோடு ஒரு மனுவைத் தட்டச்சுக் கடையில் அடித்து வைத்திருந்தார்கள். அதன் கோப்புதான் அக்குறுந்தகட்டில் இருந்தது. மாணவரின் தந்தையார் அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் ஐரோப்பிய மொழிகளின் புள்ளியிட்ட எழுத்துக்களும் கலந்து கிடந்தன. மாணவர் இணையத்தில் கிடைத்த குறியேற்ற மாற்றி ஒன்றில் அதை இட்டார். தலைப்பில் ‘நாடு’, ‘அரசு’ ஆகிய சொற்கள் ஒழுங்காக வந்தன. சரியான வழிதான் என்று நம்பி, எஞ்சி நின்ற அயல் எழுத்துக்களைக் குப்பை எனக் கருதி ஒரே கட்டளையில் நீக்கிவிட்டார். பிறகு பார்த்தால் பட்டியலில் எவர் பெயரும் எவருடையதாகவும் இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதை விளக்கக் கணினித் தமிழின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கவேண்டியுள்ளது.

கணினி எழுத்தை அறியாது, எண்ணை மட்டுமே அறியும். எந்த எண் எந்த எழுத்துக்கு என்னும் உடன்படிக்கையே குறியேற்றம். தொடக்க காலக் கணினிகளில் அதற்கென இருந்த இடங்கள் 256. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்துக்குச் சென்றுவிட்டது. தமிழின் 247 எழுத்துக்களை மீதமுள்ள 128 இடங்களில் அடக்கவேண்டும், அல்லது ஆங்கிலத்தின் இடங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளவேண்டும். எதை எங்கே வைப்பது என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவுக்கு வந்தனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை வெளியிட்டார். கனடாவில் சீனிவாசன் ஆதமியை ஆக்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைத் தந்தார். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அச்சகங்களுக்கெனத் தோன்றிய எழுத்துருக்கள் பல. எல்லாரும் தமிழுக்குத் தொண்டு செய்தவர்களே. ஆனால் ஒருவர் வீட்டுத் தமிழ் அடுத்தவர் வீட்டில் தமிழாக இருக்கவில்லை.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. மின்னஞ்சல் குழுவில் நடந்த நீண்ட விவாதத்தின் பயனாகத் தஸ்கி உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும், தமிழுக்கு மட்டுமான டாம், இருமொழிக்குமான டாப் என்னும் இரு குறியேற்றங்களையும் முன்வைத்தது. 2000இல் உத்தமம் அமைப்புத் தோன்றியது. இவையனைத்துக்கும் முன்னரே, 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. ஆயினும் பொதுமக்கள் கணினியில் அது வந்துசேர விண்டோஸ் 2000உம் அதனுடன் வந்த லதா எழுத்துருவும் தேவைப்பட்டன. தமிழக அரசு ஒருங்குறியைத் தகுதரமாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை 1998 முதல் தொடர்ந்து வந்த நண்பர்கள் இம்மாற்றங்களையெல்லாம் கண்ணால் கண்டவர்கள். அந்நூல்கள் மயிலையில் தொடங்கித் தஸ்கிக்குப் போய், பின்பு ஒருங்குறிக்கு வந்தவை.

ஆக, 2008இல் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் அடித்த மனு எந்தக் குறியேற்றத்தில் இருக்கும்? நாம் மூலக்கோப்பைத் திறந்து, தெரிந்த ஒரு சொல்லைத் தேடினோம். மனுவென்றால் ‘தமிழ்நாடு அரசு’ என்று எங்கேனும் வந்தே தீரும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். இந்தக் கோப்பிலோ ஜே என்னும் எழுத்தை அடுத்து, தலையில் இருபுள்ளி வைத்த ஏ ஒன்றும், ஓவும் ஈயும் ஒட்டிப் பிறந்த எழுத்தொன்றும் நின்றன. அது தமிழக அலுவலகங்களில் பரவலாகப் புழங்கிய வானவில்லின் அடையாளம்.

மாணவர் தேர்ந்தெடுத்திருந்தது பாமினி மாற்றி. அப்படியிருக்க ‘நாடு’, ‘அரசு’ மட்டும் எப்படிச் சரியாக வந்தன? இங்கேதான் தட்டச்சுப் பொறியின் நிழல் விழுகிறது. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா போன்றோர் முயற்சியால் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த தமிழ்த் தட்டச்சு, விரல்களுக்கு ஒரு பழக்கத்தைத் தந்துவிட்டது. எழுத்துரு ஆக்கியவர்கள் அப்பழக்கத்தை மீற விரும்பவில்லை. எனவே வானவில், பாமினி இரண்டிலும் அகரமேறிய உயிர்மெய்களும் துணைக்காலும் பெரும்பாலும் அதே ஆங்கில விசைகளில் அமர்ந்துள்ளன. க என்றால் எஃப், ம என்றால் கே, ய என்றால் ஏ. வேறுபாடு எங்கே என்றால், பாமினி ஒரு மெய்யை எழுத உயிர்மெய்யின்மேல் தனியே புள்ளியை வைக்கும். வானவில்லில் புள்ளியெழுத்துக்கும் இகரமேறிய எழுத்துக்கும் தனித்தனி இடங்கள், அதுவும் ஆங்கிலம் அல்லாத மேற்பாதியில்.

ஆகவே நம் மாணவர் குப்பையென்று நீக்கியவை மெய்யெழுத்துக்களும் இகர உயிர்மெய்களுமே. அவருடைய ஆயாவின் பெயரை இங்கு எழுதுவது முறையன்று. அவ்வட்டாரத்தில் பரவலாக வழங்கும் கன்னியம்மாள் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். இதில் ன், னி, ம், ள் ஆகிய நான்கும் மேற்பாதியில் இருப்பவை. அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது ‘கயமா’. இப்படித்தான் ஊர் முழுவதும் தேய்ந்து கிடந்தது.

புள்ளி இல்லாத எழுத்தைப் படிக்கும் சங்கடம் நமக்குப் புதிதன்று. மெய்க்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியம் வகுத்தது. ஆனால் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை இடாமலே விட்டனர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு தெளிவாக இல்லை. அதைச் சீராக்கிய பெருமையை வீரமாமுனிவருக்கு அளிப்பர். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் கிடக்கும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பட்ட பாட்டில் இதுவும் ஒரு பங்கு. எனினும் ஓலையில் புள்ளிதான் இல்லை, எழுத்து இருந்தது. இடம் நோக்கிப் படிப்பவர் அதை மீட்டுக்கொள்ளலாம். நம் மாணவரின் தாளிலோ மெய்யே போயிருந்தது. மூலக்கோப்பை அவர் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தோம். இல்லையெனில் எந்த உ.வே.சா. வந்தாலும் மீட்டிருக்க இயலாது.

ஒருங்குறி வந்தபின் எல்லாம் தீர்ந்ததா என்று கேட்டோம். மாணவர் சிரித்துவிட்டுத் தம் அலுவலக அனுபவங்களை அடுக்கினார். அவற்றுட் சில நம் வாசகர்க்குச் சுவையாக இருக்கும்.

கௌரி என்னும் பெயரைத் தேடினால் அலுவலகப் பட்டியலில் பாதிப்பேர் அகப்படுவதில்லையாம். காரணம், பலர் அதை ஒற்றைக்கொம்பு, ககரம், பின்பு ளகரம் என்று அடித்துள்ளனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்தியதன் மிச்சம் இது. தமிழ் எண்ணாகிய ஒன்றும் ககரமும் ஒரே தோற்றம் கொண்டிருப்பதால், எவரோ ககரத்துக்குப் பதில் எண்ணை இட்டு அடித்த ஒரு பெயரைக் கண்டுபிடிக்க ஒரு பகல் சென்றதாம்.

அகரவரிசையும் அப்படியே. ஒருங்குறியின் தமிழ் இடவொழுங்கு, 1988இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கியைத் தழுவியது. தேவநாகரியில் க வருக்கத்தில் உள்ள மற்ற மூன்று எழுத்துக்கள் தமிழில் இல்லாததால், ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று வெற்றிடங்கள் இன்றும் உள்ளன. னகரம் நகரத்தை அடுத்து வந்து நிற்கிறது. எனவே எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் எளிய மென்பொருளில் கமலாவுக்கு முன்பே கனகா வந்துவிடுகிறார். நம் மரபில் னகரம் மெய்களின் கடைசி எழுத்தல்லவா?

இடக்கணக்கு இன்னொன்று. தமிழ் என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து குறிகள், சேமிப்பில் யுடிஎஃப்8 முறைப்படி பதினைந்து பைட்டுகள். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் பெயருக்கு இருபது பைட்டு ஒதுக்கிய கட்டத்தில் ஏழாம் குறி முடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும். குறுஞ்செய்தியிலும் ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70. இரவுப்பணிக்கான பேருந்து நேரத்தைத் தமிழில் அனுப்பினால் அது இரண்டாக உடைந்து போகிறது என்று ஆங்கில எழுத்திலேயே தமிழை அனுப்புகிறார்களாம். ஊர்ப்பெயரும் ஆங்கிலத்தில் ‘வாய்’ என்பதை ‘வோய்’ எனப் படிக்கும்படி எழுதப்படுவதால், எந்திரப் பெயர்ப்பில் ஒருமுறை ‘தெர்வோய்’ ஆகித் திரும்பி வந்திருக்கிறது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகத்தக்கவை என்று சிலர் கருதலாம். ஆனால் ஆதாரில் ஓர் எழுத்து, வைப்புநிதிக் கணக்கில் ஓர் எழுத்து என்றிருந்தால், ஒரு தொழிலாளி தன் பணத்தைப் பெற அலைய நேர்கிறது. நிலம் போனபின் அந்நிலத்தில் தன் பாட்டி மாடு மேய்த்தாள் என்பதற்கு ஒருவரிடம் எஞ்சியிருப்பது ஒரு பட்டியலில் உள்ள பெயராக இருக்கலாம். அப்பெயர் படிக்கும்படி இருக்கவேண்டும் என்பது சிறிய ஆசையன்று.

சரியான மாற்றியில் இட்டபோது பட்டியல் முழுமையாக வந்தது. ஒவ்வொரு பெயரையும் அவர் வாய்விட்டுப் படித்தார். நாம் மூலத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டோம். ஐயத்துக்குரிய இடங்கள் ஆறேழு இருந்தன, அவற்றில் நான்கு ஔகாரச் சிக்கல்கள். “இவங்க எதிர்வீட்டுப் பெரியம்மா”, “இவரு இப்ப இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் படிப்பதை நிறுத்தினார். ஆயாவின் பெயருக்கு எதிரே ‘மாடு 4, ஆடு 11’ என்றிருந்தது. “பதினொன்னு இல்ல ஐயா, எண்ணிக் காட்டுவாங்க, அதுக்கு மேலயே இருக்கும்” என்றார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய குறுந்தகடுகள் இருக்கும். சிற்றிதழ் நடத்தியவர்களிடம் மெய்ப்புப் பார்த்த இதழ்களின் கோப்புகளே இருக்கும். குறுந்தகடு காலத்தில் பழுதாகக்கூடியது, அதைப் படிக்கும் கருவியும் அருகி வருகிறது. எனவே முதலில் கோப்பை அப்படியே வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். அதன்பின் படியை மட்டும் ஒருங்குறிக்கு மாற்றி, ஒருவர் படிக்க ஒருவர் சரிபாருங்கள். புரியாத எழுத்தென்று எதையும் நீக்காதீர்கள். எந்தக் குறியேற்றம் என்று தெரியாதவர்கள் தெரிந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்க்கலாம், அல்லது நமக்கு எழுதலாம். மாணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.