ஒரு துளிச் சிவப்பின் வரலாறு

கறுப்பு வெள்ளைப் படமொன்றில் ஒரேயொரு பொருளை மட்டும் வண்ணத்தில் விட்டுவைக்கும் உத்தியை இன்று திருமண அல்பங்களில் தாராளமாகக் காணலாம். மணமகளின் பூச்செண்டு சிவந்திருக்கும். ஏனைய யாவும் சாம்பல் நிறமாயிருக்கும். கணினி தந்த வித்தை இதுவென்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இதன் வேர்கள் நிழற்படக் கலையின் தொடக்க காலத்திலேயே உள்ளன.

1839 இல் பிரான்சில் டாகேரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதில் வண்ணம் இல்லை. வாடிக்கையாளரோ தம் முகத்தில் உயிர்க்களையை எதிர்பார்த்தனர். ஆகவே சில ஆண்டுகளுக்குள்ளேயே கலைஞர்கள் மெல்லிய தூரிகையால் கன்னத்துக்கு இளஞ்சிவப்பும் நகைக்குப் பொன்னிறமும் தீட்டத் தொடங்கினர். 1863 இல் யொக்கோஹாமாவுக்குச் சென்ற பெலிச்சே பியாட்டோ, ஜப்பானிய ஓவியர்களைக் கொண்டு தமது படங்களுக்கு வண்ணமூட்டி விற்றார்.

அலங்காரமாயிருந்த இவ்வுத்தியை அரசியலாக்கியவர் சோவியத் இயக்குநர் சேர்கேய் ஐசன்ஸ்டைன். 1905 ஆம் ஆண்டின் கடற்படைக் கிளர்ச்சியைச் சித்திரிக்கும் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' 1925 டிசெம்பரில் மொஸ்கோவில் திரையிடப்பட்டது. அதில் கிளர்ச்சியாளர் செங்கொடி ஏற்றுகின்றனர். அக்காலப் படச்சுருளில் சிவப்பு கறுப்பாகவே பதியும். எனவே வெள்ளைக் கொடியொன்றைப் படமாக்கி, பின்னர் அச்சுருளில் ஒவ்வொரு சட்டமாகக் கையாலேயே சிவப்புத் தீட்டினர். கறுப்பு வெள்ளைத் திரையில் அந்தக் கொடி மட்டும் செந்நிறமாய்ப் பறந்தது.

1993 இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' வெளிவந்தது. 1943 மார்ச்சில் கிராக்கோவ் நகரின் யூதச் சேரியை நாஜிகள் துடைத்தழித்த காட்சியில், சிவப்பு மேலங்கி அணிந்த சிறுமியொருத்தி கூட்டத்தினூடே நடந்து செல்கிறாள். பிற்பாடு அதே சிவப்பை வண்டியொன்றில் ஏற்றப்பட்ட உடல்களிடையே காண்கிறோம். எண்ணிக்கையாகிப் போன மரணங்களுள் ஒன்றை அந்த நிறம் நமக்கு அடையாளம் காட்டுகிறது.

தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷொப் மென்பொருளை அடோபி நிறுவனம் 1990 இல் வெளியிட்டது. 1994 இல் அதனுடன் அடுக்குகள் இணைந்தன. வண்ணப் படத்தின் மேல் அதன் கறுப்பு வெள்ளைப் பிரதியை ஓர் அடுக்காக வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் மேலடுக்கை மறைத்தால் கீழுள்ள வண்ணம் தெரியும். சட்டம் சட்டமாகத் தீட்டிய உழைப்பு நிமிட வேலையாயிற்று.

முப்பதாண்டு காலப் பத்திரிகையாளன் என்ற வகையில் என்னை உறுத்துவதும் இந்த எளிமையே. பலர் நிற்கும் படமொன்றில் ஒருவரின் குருதிக்கு மட்டும் நிறம் கொடுத்தால், மற்றவர்களின் துயரம் பின்னணியாகிவிடுகிறது. எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை என்று வாதிடலாம். ஆயினும் எதைப் பார்க்க வேண்டும் என்பதை வாசகருக்காக வேறொருவர் தீர்மானித்துவிட்டார். போரின் படங்களைப் பார்த்தே வளர்ந்த நம் தலைமுறைக்கு இது சிறிய விடயம் அன்று.

திரைப்படக் கலைஞனுக்கு அந்த உரிமை உண்டு. தான் புனைவதை அவன் மறைப்பதில்லை. செய்திப் படம் சாட்சியம். சாட்சியத்தில் ஒரு சொல்லுக்கு மட்டும் சிவப்புக் கோடிடுவது சாட்சியின் வேலையன்று.