முதல் எறும்பு முற்றத்து எறும்பாகட்டும்

என் தங்கையின் மகனுக்குப் பதினான்கு வயது. சென்ற மாதம் அவன் ஒரு கேள்வியுடன் வந்தான். "மாமா, நான் எறும்பு வளர்க்கப் போகிறேன். முதலில் எந்த இனத்தை வளர்க்கலாம்?" கிழக்கு ஆபிரிக்காவின் பெரிய அறுவடை எறும்பின் படத்தைக் காட்டி, இணையத்தில் ஒரு ராணியை வாங்கித் தரமுடியுமா என்றும் கேட்டான்.

அவன் வயதில் நானும் ஜாம் போத்தலொன்றில் மண்ணிட்டுக் கட்டெறும்புகளை அடைத்து வைத்தவன்தான். சீனியும் தண்ணீரும் வைத்தும் அவை சில வாரங்களில் ஒவ்வொன்றாக மடிந்தன. நான் பிடித்தவற்றுள் ராணி இருக்கவில்லை என்பது பல ஆண்டுகளின் பின்னரே எனக்கு விளங்கியது. ராணியற்ற கூட்டத்தில் இறந்தவற்றின் இடத்தை நிரப்பப் புதிய வேலைக்கார எறும்புகள் பிறப்பதில்லை.

எறும்பு வளர்ப்பின் வரலாற்றைப் புரட்டினால் மருமகனின் கேள்விக்கு விடை அங்கேயே கிடக்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த பியேர் ஹூபர் 1810இல் எறும்புகளைப் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே 'உள்நாட்டு எறும்புகள்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. அவர் தூரதேசத்து விந்தைகளைத் தேடிப் போகவில்லை. தம் ஊர்ப் புல்வெளிகளில் ஊர்ந்தவற்றையே கூர்ந்து பார்த்தார்.

அவருக்குப் பின்வந்த இங்கிலாந்தின் சேர் ஜோன் லபொக் ஒரு வங்கியாளர், பாராளுமன்ற உறுப்பினர், டார்வினின் அயலவர். 1871இல் பிரித்தானியாவில் வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறக் காரணமாயிருந்தவரும் அவரே. இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மண்ணைப் பரப்பி, சுற்றிலும் நீர் அகழி அமைத்து எறும்புகளை வீட்டுக்குள் வளர்த்தார். எறும்புகளின் உடலில் வர்ணப் புள்ளியிட்டு அவற்றைத் தனித்தனியே அடையாளம் கண்டார். மனிதக் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை எறும்புகள் உணர்கின்றன என்று கண்டறிந்தவரும் அவர்தான். இவற்றையெல்லாம் 1882இல் 'எறும்புகள், தேனீக்கள், குளவிகள்' என்ற நூலில் எழுதினார். அவருக்கு ஆசான்களாயிருந்தவை பெரும்பாலும் இங்கிலாந்தில் சாதாரணமாகக் காணப்படும் எறும்புகளே. 1874 டிசெம்பரில் அவர் கொண்டுவந்த ஃபோர்மிகா ஃபுஸ்கா இன ராணிகளில் ஒன்று 1888 வரை உயிர்வாழ்ந்தது. பின்னர் ஹெர்மன் ஆப்பெல் என்பவரிடம் கறுப்புத் தோட்ட எறும்பின் ராணியொன்று ஏறத்தாழ 29 ஆண்டுகள் வாழ்ந்தது.

ஐரோப்பாவில் புதிதாகத் தொடங்குவோருக்கு இந்தக் கறுப்புத் தோட்ட எறும்பையே பரிந்துரைப்பர். அது எங்கும் கிடைக்கும். கலவிப் பறப்பின் பின் சிறகு உதிர்த்த ராணி, இருட்டறையொன்றில் அடைந்துகொண்டு, தன் உடற்கொழுப்பையும் தேவையற்றுப்போன பறப்புத் தசைகளையும் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்க்கும். அதுவரை அதற்கு உணவு தேவையில்லை. தொடக்கக்காரரின் பெரிய குற்றமான ஓயாத தொந்தரவும் ஆவலும் இல்லாதிருந்தாலே போதும். ஆயினும் அது குளிர்காலத்தில் உறங்கும் எறும்பு. கொழும்பின் வெக்கைக்கு உரியதன்று.

பொழுதுபோக்கு வியாபாரமாகும்போது நிகழ்வதை 2025இல் கென்யா காட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரு இளைஞர்கள் ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளைப் பஞ்சடைத்த குழாய்களில் வைத்திருந்தபோது பிடிபட்டனர். மே மாதம் நீதிமன்றம் பத்து இலட்சம் கென்ய ஷிலிங் அபராதம் அல்லது பன்னிரண்டு மாதச் சிறை என்று தீர்ப்பளித்தது. அவற்றுள் மருமகன் காட்டிய அந்த அறுவடை எறும்பும் இருந்தது. ஒரு ராணியைக் கொண்டுபோவதென்றால், அது உருவாக்கியிருக்கக்கூடிய ஒரு முழுக் குடியையும் அந்த மண்ணிலிருந்து பிடுங்குவதாகும்.

நம் நாட்டிலும் இவ்வெச்சரிக்கை தேவை. 1893இல் எமரி என்ற இத்தாலிய அறிஞர் விவரித்த அனியூரெட்டஸ் சிமோனி, இலங்கைக்கே உரிய எறும்பு. அதன் உறவினங்கள் அழிந்து புதைபடிவங்களாகிவிட்டன. அத்தகையதை எந்த ஆர்வலரும் தொடவே கூடாது. இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறும் தொடக்கக்காரருக்கு ஏற்றதன்று. அதன் கடி தெரிந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஆகவே மருமகனிடம் சொன்னேன்: "மழை பெய்த இரவில் விளக்கடியில் பார். சிறகு உதிர்ந்த கட்டெறும்பு ராணியொன்று அகப்படலாம். பஞ்சுக்குப் பின்னால் நீருள்ள குழாயில் விட்டு, இருட்டில் வை. பிறகு காத்திரு." அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. "எவ்வளவு காலம் பார்த்துக்கொள்ள வேணும், மாமா?" என்றான். லபொக்கின் ராணியைப் பற்றிச் சொல்லி, "ஏறத்தாழ உன் வயதளவு காலம்" என்றேன். அவன் சற்றுநேரம் பேசாதிருந்தான். பின்னர், அடுத்த மழை எப்போது வரும் என்று கேட்டான்.